தாத்தாவோட தகரப் பெட்டியில மூணு ஆயுதம்: வச்சிருந்தா குத்தமா, வித்தா குத்தமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. ஸ்கூல்ல டீச்சரா இருக்காங்க, பேரும் தோட்டத்துப் பேரும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க தாத்தா போன தை மாசம் தவறிட்டாரு. ஏழு பேர்ச் காணியில கட்டுன புது வீட்டுக்குப் போறதுக்காக லயக் காம்பிராவ காலி பண்ணும்போது கட்டிலுக்கு அடியில ஒரு தகரப் பெட்டி, தொறந்து பாத்தா பழைய கம்பளியில சுத்தி மூணு சாமான்.

ஒண்ணு, மூணடிக்குக் கொஞ்சம் கூடுன நேர் வாள், தோல் உறையோட. கையக் காக்குற இரும்புத் தகட்டுல கொடி கொடியா ஓட்டை போட்டு வேலைப்பாடு, நடுவுல ஒரு கிரீடம், கீழ பின்னிக்கிட்டு ரெண்டு மூணு எழுத்து. ரெண்டாவது, வளைஞ்ச அருவா, பிடியில காஞ்சு போன சந்தனமும் குங்குமமும். மூணாவது, ஒரு சாண் நீளத்துல ஒரு கத்தி, வெள்ளப் பிடி, மர உறை, தாத்தா நாப்பது வருஷமா அதுலதான் பாக்கு நறுக்குனாராம். கடைசியா ஒரே ஒரு வரியில "ஒரு பழைய இங்கிலிஷ் கடுதாசியும் இருந்துச்சு"ன்னு எழுதியிருக்காங்க.

தாத்தா வெள்ளக்கார தொரையோட பங்களாவுல அப்புவா, அதாவது வீட்டு வேலக்காரரா, வேல பாத்தவரு. தொரை நாட்ட விட்டுப் போகும்போது குடுத்த வாள் அது, கண்டி ராஜாவோட அரண்மனையில இருந்து எடுத்த வாள்னு மாமா சொல்றாரு. கண்டியில இருந்து ஒரு புரோக்கர் வந்து மூணு லட்சம் தாறேன், பாக்குக் கத்தியையும் சும்மா சேத்துக் குடுங்கன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு. கத்தார்ல இருக்குற தம்பி வெளிநாட்டுல ஒன்லைன்ல வித்தா கோடிக்குப் போகும்னு சொல்றாரு, போன லீவுல வந்தப்ப வாள எமரி பேப்பர் போட்டு பாதி தேச்சும் வச்சிட்டாரு. பொலிஸ் வந்தா என்ன ஆகுமோன்னு அம்மா நடுங்கிப் போயி ராத்திரியோட ராத்திரியா ஆத்துல போட்டுருவோம்ங்கிறாங்க. "பொம்பளப் புள்ளைங்களுக்கு இதுல பங்கு இல்லன்னு மாமா சொல்றாரு அக்கா, நான் யார் பேச்சக் கேக்குறது?" இதுதான் கடிதத்தோட கடைசி வரி.

தங்கச்சி, மொதல்ல மூணு விசயம், மத்ததெல்லாம் பிறகு பேசலாம். ஆத்துல போடாதீங்க. இனி யாரும் தேய்க்க வேணாம், எலுமிச்சை, புளி, சாம்பல், பிராசோ எதுவும் வேணாம். புரோக்கர் திரும்ப வந்தா "லோயர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கோம்"னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க, பெட்டியத் தொறந்து காட்ட வேணாம்.

நான் இந்த விசயத்துக்கு வந்த கதையயும் சொல்லிடறேன். எங்க அப்பா தோட்டத்துப் பட்டறையில கவ்வாத்துக் கத்தி தீட்டுனவரு, இரும்பத் தட்டிப் பாத்து சத்தத்துலயே நல்லது கெட்டது சொல்லுவாரு. நான் லோயரானப்ப கைக்கு வந்த மொத கேஸுகள்ல ஒண்ணு ஒரு பழைய கத்தி கேஸு. அந்தக் குடும்பத்துக்கு அவங்க கையில இருந்தது என்னன்னே தெரியல, பொலிஸுக்கும் தெரியல, கோட்ஸ்ல நின்ன எனக்கும் தெரியல. அந்த வெக்கத்துலதான் படிக்க ஆரம்பிச்சேன், நூதனசாலை நூதனசாலையா போயி நின்னு பாத்தேன். அதனால நீங்க அனுப்புன பதினாறு ஃபோட்டோவயும் பெருசாக்கிப் பாத்தேன்.

கிரீடம் யாரோடது?

வாள்ல கிரீடம் இருக்கு, அதனால ராஜா வாள்ங்கிறாரு மாமா. கிரீடம் இருக்குறது வாஸ்தவம், ராஜாதான் வேற. ஃபோட்டோவுல அந்த எழுத்து ஜி, ஆர், உள்ள ரோமன் அஞ்சுன்னு தெளிவாத் தெரியுது. அது இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜோர்ஜோட முத்திரை, அவரு ஆண்டது 1910ல இருந்து 1936 வரைக்கும். விக்டோரியா காலத்து வாள்னா வி, ஆர்னு இருக்கும், அவங்க மகன் காலத்துதுன்னா ஈ, ஆர்னு இருக்கும். பிரிட்டிஷ் வாளுக்கு வயசு பாக்குறதுல இதுதான் மொத படி, பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல.

மாதிரியப் பாத்தா இது 1897ல பிரிட்டிஷ் காலாட்படை ஒபிசர்மாருக்குன்னு வந்த வாள். அலகு நேரா, முப்பத்திரெண்டரை அங்குலம், ஏறக்குறைய 82 சென்டிமீட்டர். பிடியில சுத்தியிருக்கது துணி இல்ல, மீன் தோல், மேல வெள்ளிக் கம்பி சுத்துவாங்க. பிடிய ஒட்டி அலகுல சின்ன வட்டமா ஒரு வில்லை பதிச்சிருக்கும், சோதிச்சுப் பாத்த அலகுன்னு அதுக்கு அர்த்தம். அதே இடத்துல அலகோட முதுகுப் பக்கத்த ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க, நம்பர் ஏதும் வெட்டியிருக்கான்னு. வில்கின்சன் கம்பெனி வாள்னா 1854ல இருந்தே அப்பிடி நம்பர் போட்டாங்க, நம்பர் இருந்தா எந்த வருசம் யாருக்காக செஞ்சதுன்னு அவங்க பழைய பேரேட்டுல தேடிப் பாக்க வழி இருக்கு.

இப்பிடி ஒரு வாள் மலைநாட்டு பங்களாவுல கெடக்குறது அதிசயமில்ல. சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்னு தொரைமாருக்குன்னே ஒரு படை இருந்துச்சு, 1900ல தொடங்கி 1949ல கலைச்சாங்க, கண்டியிலதான் தலைமையகம். மொத உலக யுத்தத்துக்கு இங்க இருந்து கப்பலேறி எகிப்துக்குப் போயி, கலிபோலி வரைக்கும் போனவங்க இருக்காங்க, அதுல நிறைய பேர் பிறகு பிரிட்டிஷ் ரெஜிமென்டுகள்ல ஒபிசரானாங்க. தொரையோட வாளோ தொரையோட அப்பா வாளோ, அந்த இங்கிலிஷ் கடுதாசி சொல்லும். நீங்க ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க, ஆனா வாளுக்குப் பெறுமதி குடுக்குறதே அந்தக் கடுதாசிதான். லெமினேட் பண்ணிடாதீங்க, மடிச்சா மடிச்ச இடத்துல கிழியும், ஒரு ஃபைல் கவர்ல தட்டையா வைங்க.

கண்டி ராஜா வாள் எப்பிடி இருக்கும்னு கேட்டீங்கன்னா, இந்த நாட்டு வாளுக்குப் பேரு கஸ்தான. வாள் கட்டையானது, லேசா வளைஞ்சிருக்கும், பிடி நுனியில சிங்கத் தலை, கைக்காப்பு முழுக்க மகரம், யாளி மாதிரி வாய் தொறந்த மிருகங்க. பிடி இங்க செஞ்சது, அலகு பல நேரம் ஐரோப்பாவுல இருந்து வந்தது, டச்சுக் கம்பெனியோட வி, ஓ, சி முத்திரை போட்ட அலகே இருக்கு. சண்டைக்கு எடுத்துட்டுப் போனத விட, முதலியார்னு பதவியில இருந்த உள்ளூர் அதிகாரிமாரு பதவிக்கு அடையாளமா இடுப்புல கட்டுனதுதான் அதிகம். 1765ல டச்சுக்காரங்க கண்டிக்குள்ள பூந்து கொண்டு போன சாமான்ல ஆறு, பீரங்கியும் வாளும் கத்தியும் துவக்குமா, 2023லதான் நெதர்லாந்து திருப்பிக் குடுத்துச்சு. கொழும்புக்குப் போறப்ப நூதனசாலைக்கு ஒரு நட நடந்து, கஸ்தான எப்பிடி இருக்கும்னு கண்ணால பாத்துட்டு வாங்க, கடைசி ராஜாவோட சிம்மாசனமும் அங்கதான் இருக்கு, 1934ல இங்கிலாந்துல இருந்து வந்தது.

மாமா மேல கோவப்பட வேணாம். கடைசி ராஜா கண்ணுசாமிங்கிற பேரோட பொறந்த நாயக்கர், நம்ம பக்கத்து ஆளு, அவரப் புடிச்சு வேலூருக்கு அனுப்பி அங்கயே 1832ல செத்தாரு, அந்த ராஜாவோட வாள் நம்ம லயத்துல இருந்தா நல்லாருக்குமேன்னு நம்மாளுங்களுக்குத் தோணுறது எனக்கும் புரியுது. ஆனா உங்க தாத்தாவுக்கு இந்த வாள் வந்த கதை அதுக்குக் கொறஞ்சதில்ல. ஒரு பங்களா அப்பு கையில தொரை தன்னோட வாளக் குடுத்துட்டுப் போறாருன்னா அந்த மனுசன் மேல என்ன மாதிரி மதிப்பு இருந்திருக்கணும்.

கோடிக் கணக்கு பேச்ச விட்டுடுங்க. இந்த மாதிரி வாள் ஆயிரக்கணக்குல செஞ்சாங்க, உலகம் பூரா கெடக்கு. தம்பி தேச்சதுல அலகு மேல மெல்லிசா பொறிச்சிருந்த பூ வேலையும் முத்திரையும் ஒரு பக்கம் போயிருச்சு, ஃபோட்டோவுல பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. பழைய இரும்புல கறுத்துப் போயி அமைதியா இருக்குற நிறம் துரு இல்ல, அது காவல். செவப்பாத் தூள் உதிர்ற துருதான் நோய். வெறுங்கையால அலகத் தொடாதீங்க, வேர்வ உப்புல விரல் ரேகை அப்பிடியே துருவா எழும்பும். பருத்தித் துணியில தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுத் தடவுங்க, தேங்கா எண்ணெய் வேணாம், நாளாக ஆக பிசுபிசுத்துப் புளிச்சுப் போகும். முக்கியமா வாள தோல் உறைக்குள்ள போட்டு வைக்காதீங்க. உங்க ஊரு மழைக்கும் மிஸ்ட்டுக்கும் தோல் ஈரத்தக் குடிச்சு வச்சுக்கும், உள்ளயே அரிச்சிடும். உறை தனி, வாள் தனி.

அருவா உங்க குடும்பத்தோடது இல்ல

இதச் சொல்றப்ப சங்கடமாத்தான் இருக்கு, ஆனா நீங்களே எழுதியிருக்கீங்க, தாத்தா கோயில்ல சாமியாடுனவரு, திருவிழாவுல அந்த அருவாவப் புடிச்சாருன்னு. அப்ப அது கோயில் சாமான். நம்ம சனம் ஊர்ல இருந்து பிடிமண் கொண்டாந்து முனியாண்டியையும் கருப்பசாமியையும் மாடசாமியையும் தேயிலக் காட்டுல வச்சப்ப கூட வந்ததாக்கூட இருக்கலாம், இல்ல இங்க பட்டறையில அடிச்சதாவும் இருக்கலாம். பிடிக்குக் கிட்ட ஏதும் முத்திரை குத்தியிருக்கான்னு பாருங்க, சந்தனத்தச் சொரண்டாம. சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அருவாவுக்குப் பேர் போன ஊரு, அந்த மாதிரி ஊர்ப் பட்டறைகள்ல இருந்து வந்ததான்னு தெரிஞ்சா தோட்டத்துக்கே ஒரு சரித்திரம் கெடச்ச மாதிரி.

பாதுகாப்புக்குக் குடுத்த கோயில் சொத்த வித்தா சட்டத்துல அது நம்பிக்கை மோசடி. யாரும் இப்ப கேக்கலங்கிறதால நம்மளோடதாயிடாது. கோயில் கமிட்டிய வரச் சொல்லி, அளவும் அடையாளமும் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சிடுங்க, கொப்பி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். சந்தனம் குங்குமத்தக் கழுவ வேணாம்னு அவங்களுக்கும் சொல்லுங்க.

பாக்குக் கத்தி

இப்பதான் விசயத்துக்கு வாறேன். நீங்க அந்தக் கத்தியப் பத்தி எழுதுனது மொத்தமே நாலு வரி. அனுப்புன பதினாறு ஃபோட்டோவுல பதிமூணு வாள், ரெண்டு அருவா, கத்திக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் மேச மேல வெத்தலத் தட்டோட கெடக்குது. அந்த ஒரு ஃபோட்டோவ நான் ரெண்டு நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்.

பிடி நுனி கிளி மூக்கு மாதிரி கீழ வளையுது. பிடி முழுக்க கொடி செதுக்கியிருக்கு, சிங்களத்துல லியவெலன்னு சொல்ற அந்தக் கொடி, ஒரு எலைய விட்டு இன்னொரு எலை சுருண்டு சுருண்டு போகுது, கோடு எங்கயும் தெத்தல. அலகு பிடியோட சேர்ற எடத்துல வெள்ளி மாதிரியும் பித்தள மாதிரியும் தகடு பதிச்சு அதுலயும் அதே கொடி. அலகோட முதுகு நேரா தடிப்பா இருக்கு, வாய்ப் பக்கம் வளையுது, முதுக ஒட்டி ஒரு ஒடுக்கமான பள்ளம். இன்னொண்ணு, உறையில ஓரமா ஒரு கம்பி சொருகியிருக்குன்னு எழுதியிருக்கீங்களே, தாத்தா அதுல பல்லு குத்துனாருன்னு, அது எழுத்தாணி. ஓலையில எழுதுறதுக்கு.

இது பிஹா கெத்தன்னு சொல்ற கண்டிச் சீமைக் கத்தின்னு நான் நினைக்கிறேன். கண்டி ராஜாக்கமாரு காலத்துல அரண்மனைப் பட்டறைகள்ல இருந்த ஆசாரிமாரு செஞ்ச வகை, ராஜா பிரதானிமாருக்கும் பெரியவங்களுக்கும் குடுக்குறது, கத்தியும் எழுத்தாணியும் ஒரே உறையில வர்றது அதோட அடையாளம். பத்தொம்பதாம் நூற்றாண்டுலயும் இது செஞ்சாங்க, அதனால வயச நேர்ல பாக்குறவங்கதான் சொல்லணும். ஆனா புரோக்கர் எதுக்காக வந்தாருன்னு யோசிச்சுப் பாருங்க. வாளுக்கு மூணு லட்சம் பேசிட்டு இத "சும்மா சேத்துக் குடுங்க"ன்னு கேட்டாரே, அவருக்கு வாள் தேவையில்ல தங்கச்சி.

பிடி எலும்பா தந்தமான்னு நீங்களே பாக்கலாம். பிடியோட அடி முனையில, வெட்டு விழுந்த பரப்புல வெளிச்சத்தச் சாய்ச்சு அடிச்சு லென்ஸால பாருங்க. வளைஞ்ச கோடுங்க வலை மாதிரி ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போனா யானைத் தந்தம். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளியா துளை தெரிஞ்சா எலும்பு. ஊசியக் காய வச்சுக் குத்திப் பாருங்கன்னு யாராவது சொன்னா செய்யாதீங்க, அந்தத் தழும்பு போகவே போகாது. இனிமே அதுல பாக்கும் வெட்ட வேணாம்.

தேதி ஒண்ணு ஞாபகம் வைங்க: 2 மார்ச் 1815

கண்டி ராஜ்யம் பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போன கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துல, அந்த நாளுக்கு முந்தியது, இல்ல முந்தியதுன்னு நம்ப நியாயம் இருக்குறது தொல்பொருள்னு வருது, அந்தப் பட்டியல்ல ஆயுதமும் இருக்கு. உங்க வாள் அதுக்கு நூறு வருசம் பிந்தியது, அதனால அது இந்தச் சட்டத்துக்குள்ள வராது. கத்தி வர்றதுக்கு எல்லா வாய்ப்பும் இருக்கு.

இங்கதான் உங்க கடிதத்துல ஒரு ஆபத்தான வரி. கத்தி எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா மாமா "தேயிலக் கன்னு நடக் குழி வெட்டுறப்ப கெடச்சது"ங்கிறாரு, அம்மாச்சி "பக்கத்துக் கிராமத்து வெதமாத்தயா குடுத்தாரு"ங்கிறாங்க, சிங்கள நாட்டு வைத்தியரத்தான் அப்பிடிச் சொல்றது. கேக்குறப்ப ரெண்டும் சாதாரணக் கதை மாதிரி இருக்கும், சட்டத்துல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மண்ணுக்குள்ள மறைஞ்சு கெடந்து வெளிய வந்த தொல்பொருள் அரசாங்கத்தோட சொத்து, கண்டெடுத்தவங்க அறிவிச்சே ஆகணும். கைமாறி வந்த சாமானுக்கு நிலைமை வேற, குடும்பம் வச்சிருந்ததுன்னு பேச எடம் இருக்கு. மாமா விலைய ஏத்துறதுக்காக புதையல் கதை சொல்றாருன்னா, அவரு சொல்ற ஒவ்வொரு தடவையும் உங்க அம்மாச்சியோட உரிமையத்தான் வெட்டுறாரு.

எனக்கு மாமா கதையில நம்பிக்கையும் இல்ல, காரணத்தோடதான் சொல்றேன். தேயில மண்ணு புளிப்பு மண்ணு, அதுலதான் தேயில வளரும். வருசம் பூரா ஈரம் வேற. அந்த மண்ணுல நூத்தம்பது இருநூறு வருசம் கெடந்தா மர உறை உக்கிப் போயிருக்கும், தந்தமோ எலும்போ பொத்துப் பொறிஞ்சு போயிருக்கும், இரும்பு செதில் செதிலா உரிஞ்சிருக்கும். உங்க கத்தியில செதுக்கு வேலையோட ஓரம் கை பட்டுப் பட்டு வழுவழுன்னு தேஞ்சிருக்கு, மர உறையில வெடிப்பே இல்ல. இது கையில இருந்து கைக்கு வந்த சாமான். ஓலையும் எழுத்தாணியும் ஒரு நாட்டு வைத்தியர் வீட்டுல இருக்குறதுதான் பொருத்தம். அம்மாச்சி சொல்றத கத்தியே சாட்சி சொல்லுது.

தம்பியோட யோசனைக்கு ஒரே பதில்தான், வேணவே வேணாம். தொல்பொருள லைசன்ஸ் இல்லாம நாட்ட விட்டுக் கொண்டு போறது குத்தம். 1988ஆம் ஆண்டு 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கு, வெளிய அனுப்புறதுக்கும் சரி, இந்த மாதிரி சாமான வியாபாரம் பண்றதுக்கும் சரி, அதுல அனுமதி வேணும். புரோக்கர்கிட்ட அந்த லைசன்ஸ் இருக்கான்னு யாரும் கேக்கலல்ல? அதோட பிடி தந்தம்னா 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்து நிக்கும், வெளிநாட்டு எயார்போட்லயும் புடிப்பாங்க. தம்பி கத்தார் வேலையயும் பாஸ்போட்டயும் வச்சு வெளயாடுற வெளயாட்டு இது. வலம்புரிச் சங்கு, கஜமுத்துன்னு கோடிக் கனவு கண்டு ரிமாண்டுக்குப் போன நம்ம பயலுகள நான் கோட்ஸ்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தம்பி இனிமே பழைய ஆயுதம் சேக்கப் போறேன்னு சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க. ஆசை நல்ல ஆசை. ஆனா மொத ஒரு வருசம் காசு எடுக்காம கண்ண மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கடையில தொங்குற சிங்கத் தல வாள்ல பாதிக்கு மேல டூரிஸ்டுக்கு வார்த்தது: பித்தளையில அச்சுக் கோடு தெரியும், அலகு பிடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே தடிப்பு. நிசமான பழைய அலகு பிடிகிட்ட தடிப்பா ஆரம்பிச்சு நுனிக்குப் போகப் போக மெலியும், அடிச்சவன் கைக் கணக்கு அது. எங்க இருந்து வந்துச்சுன்னு எழுத்துல காட்ட முடியாத எதையும் தொட வேணாம்.

பொலிஸ் பயம்

அம்மா பயப்படுறது காரணமில்லாம இல்ல. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டு வெடிப்புக்குப் பிறகு வீடு வீடா தேடுனாங்க, வாள் கத்தி இருந்தா ஒப்படைங்கன்னு பொலிஸே அறிவிச்சாங்க, அந்த நாட்கள்ல எத்தனையோ வீட்டுல தாத்தா காலத்துச் சாமான பயந்து பயந்து தூக்கிப் போட்டாங்க. 1966ஆம் ஆண்டு 18ஆம் இலக்க அபாயகரமான ஆயுதங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வாள் வச்சிருந்ததுக்கு கேஸ் போடுறதும் நடக்குது. ஒளிச்சு வைக்கிறதுதான் உங்கள சந்தேகத்துக்குள்ள தள்ளும். ஆத்துல போட்டு எவனாவது கண்டெடுத்து உங்க லயத்தக் கைகாட்டுனா அதுக்குப் பிறகு எந்தக் கதையும் எடுபடாது.

அதனால வழி இப்பிடி. மூணு சாமானயும் அளந்து, ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, தாத்தா பேரு, எப்ப வந்துச்சு, எங்க இருந்துச்சுன்னு ஒரு கடிதம் எழுதுங்க. தொல்பொருள் திணைக்களத்துக்கு ரெஜிஸ்டர் தபால்ல ஒண்ணு, ஜி.எஸ்.க்கு, அதாவது கிராம சேவகருக்கு ஒண்ணு, பொலிஸ் ஸ்டேசனுக்கு ஒண்ணு, கையில வாங்குனா கொப்பியில சீல் வாங்கிக்கங்க. வந்து பாக்கச் சொல்லிக் கேளுங்க. நீங்களா அந்த வாளத் தூக்கிக்கிட்டு பஸ்ல போயிடாதீங்க, கம்பளியில சுத்துனாலும் சரி. வாளப் புடிச்சுக்கிட்டு தம்பி எடுத்த ஃபோட்டோ ஃபேஸ்புக்ல இருந்தா இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க.

அதிகாரிங்க எதையாவது எடுத்துட்டுப் போனா ரசீது இல்லாம குடுக்காதீங்க. வாக்குமூலம் கேட்டா தமிழ்ல சொல்லுங்க, தமிழ்ல எழுதச் சொல்லுங்க, 1987ல வந்த 13ஆவது திருத்தத்துல இருந்து தமிழும் இந்த நாட்டு அரசகரும மொழி. சிங்களத்துல எழுதி, படிச்சுக் காட்டாம கையெழுத்துப் போடுன்னா போடாதீங்க. இத நான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், ஏன்னா நம்ம சனம் மாட்டிக்கிறதே அந்தக் கையெழுத்துலதான். யாரையாவது கைது பண்ணா காரணம் சொல்லணும், 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால நிறுத்தணும்.

பங்கு

பொம்பளப் புள்ளைக்குப் பங்கு இல்லங்கிறது தப்பு. மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரோட தேசவழமையும் கெடையாது, கண்டிச் சிங்களவரோட கண்டிச் சட்டமும் கெடையாது, பொதுச் சட்டம்தான். தாத்தா உயில் எழுதலைன்னா பாதி அம்மாச்சிக்கு, மிச்சப் பாதி பிள்ளைங்க எல்லாருக்கும் சமமா, ஆணு பொண்ணு வித்தியாசம் இல்ல. உங்க அம்மா, மாமா, சித்தி மூணு பேருன்னா ஆளுக்கு ஆறுல ஒரு பங்கு. நீங்களும் ஒண்ணு புரிஞ்சுக்கணும், அம்மா இருக்குற வரைக்கும் உங்களுக்கோ தம்பிக்கோ நேரடியா பங்கு வராது. மாமா ஆறுல ஒண்ண வச்சுக்கிட்டு முழுசையும் விலை பேசியிருக்காரு. அம்மாச்சிதான் பெரிய பங்காளி, அவங்க சரின்னு சொல்லாம அந்தப் பெட்டியில இருந்து ஒண்ணும் நகர முடியாது.

வாள வீட்டுல வச்சுக்க அனுமதி கெடைச்சா தாத்தா ஞாபகமா வச்சுக்கங்க, இல்லன்னா கடுதாசியோட சேத்து நூதனசாலை ஏதும் ஏத்துக்குதான்னு கேக்கலாம். கத்திய திணைக்களம் பாத்து முடிவு சொல்றதுக்கு முன்னால விக்கிறதப் பத்தி வாயே தொறக்க வேணாம். காசு தேவை இருக்குன்னு எனக்குத் தெரியும், புது வீட்டுக்கு இன்னும் கூரை வேல மிச்சம்னு எழுதியிருக்கீங்க. அதுக்காக அவசரப்பட்டா மூணு லட்சமும் லோயர் செலவுக்கே போயிடும், நானே லோயரா இருந்துக்கிட்டு சொல்றேன்.

இந்த ஞாயித்துக்கெழம ஒரு வேல செய்யுங்க. அம்மாச்சியப் பக்கத்துல உக்கார வச்சு, வெத்தல மடிச்சுக் குடுத்துட்டு, போன்ல ரெகார்ட் பண்ணுங்க. வெதமாத்தயா பேரு என்ன, எந்தக் கிராமம், எந்த வருசம்னு ஞாபகம் இல்லன்னா உங்க அம்மா பொறக்குறதுக்கு முந்தியா பிந்தியா, எதுக்காகக் குடுத்தாரு, குடுக்குறப்ப யாரு பக்கத்துல இருந்தா, அவரு பிள்ளைங்க யாரும் இன்னமும் அந்த ஊர்ல இருக்காங்களா. இடையில நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, அவங்க சொல்ற மாதிரியே சொல்லட்டும். அம்மாச்சிக்கு எண்பத்தி ரெண்டு வயசுன்னு எழுதியிருக்கீங்க, அடுத்த லீவுக்குன்னு தள்ளிப் போடாதீங்க. ரெகார்டிங்கையும், கத்தியோட பிடி முனைய கிட்டத்துல எடுத்த ஒரு ஃபோட்டோவையும் எனக்கு அனுப்புங்க, திணைக்களத்துக்குப் போற கடிதத்த தமிழ்லயும் சிங்களத்துலயும் நான் எழுதித் தாறேன்.